மிருணாளினி நின்ற இடங்கள்

தில்லையம்பலம் அண்ணை மூன்று தரம் ரிக்கற் எடுத்துக்கொண்டு போனார். மூன்று தரமும் மகளை மேடையில் காணாமல் திரும்பி வந்தார்.

அது 2010ஆம் ஆண்டு இலையுதிர் காலம். பிராட்வேயில் வருடக்கணக்கில் ஓடிய இசை நாடகம் ஒன்றைப் பரிஸ் நகரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இங்குள்ள பெரிய தியேட்டர் ஒன்றில் பிரெஞ்சிலே பாடி ஆடினார்கள். அதில் ஆடுவதற்கு அவருடைய ஒரே மகள் மிருணாளினியை எடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். சனிக்கிழமைகளில் சங்கத்து வகுப்பில் பரதம், புதன்கிழமைகளில் நகரசபை நடனப் பள்ளியில் ஜாஸ் என்று வளர்ந்தவள். செய்தி எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்கப் பரவ ஒரு கிழமை போதுமாயிருந்தது. பரப்பியவர் தில்லையண்ணைதான். மரக்கறிக் கடையில் சொன்னார், தலைமயிர் வெட்டுகிற கடையில் சொன்னார். என்னுடைய கலியாண வீடியோ ஸ்டூடியோவுக்கு வந்து, நான் மணவறைக் காட்சி ஒன்றை வெட்டிக்கொண்டிருக்கும்போதும் சொன்னார்.

மூன்றாம் தரம் போய்வந்த மறுநாள் அவர் முகம் சரியில்லை.

"ஸ்ரீ, இவள் எங்களுக்குப் பொய் சொல்லுறாளோ எண்டு யோசிக்கிறன்."

"ஏன் அண்ணை?"

"இருபது பேருக்கு மேலை ஆடுதுகள். ஒண்டும் இவள் இல்லை. அங்கை குடுக்கிற புத்தகத்திலை பேர் கிடக்குது, ஆள் இல்லை. உள்ளுக்கை உடுப்புத் தோய்க்கிறாளோ ஆருக்குத் தெரியும்."

அடுத்த நாள் மிருணாளினியே ஸ்டூடியோவுக்கு வந்தாள். அல்பம் வந்த மட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, எட்டு நிறப் பென்சில்களால் அதன் மேல் கோடுகள் கீறினாள். ஒவ்வொரு நிறமும் ஒரு நடனக்காரி. எங்கே தொடங்கி எங்கே திரும்பி எந்தப் பக்கத்தால் உள்ளே போகிறாள் என்று காட்டும் பாதைகள்.

"நான் சுவிங், மாமா. எனக்கெண்டு மேடையில இடம் இல்லை. இந்த எட்டுப் பேரிட இடமும் எனக்குப் பாடம். ஆருக்காவது காய்ச்சல் எண்டால், கால் பிரண்டால், நான் ஏறுவன். இல்லாட்டி மேக்கப் போட்டுக்கொண்டு பின்னாலை இருப்பன்."

"மூண்டு தரமும் ஒருத்திக்கும் காய்ச்சல் வரேல்லையோ?"

"அப்பா ரிக்கற் எடுத்தால் எல்லாருக்கும் நல்ல சுகம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது தோள் இரண்டும் மேலே போகும். அதை எத்தனையோ வீடியோவில் பிடித்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் வீட்டுக் கலியாணங்களில் அவளைப் பிடிக்காத கமராக்காரன் இல்லை.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பகல் காட்சி நடந்துகொண்டிருக்கும்போது ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். மிருணாளினி உடனே அப்பாவுக்கு ரெலிபோன் அடித்தாள். "அப்பா, இண்டைக்கு நான் ஏறுறன். ரெண்டாம் பாதி." தில்லையண்ணை ஒப்பேராப் பக்கத்து ரெஸ்தோரன் ஒன்றில் சமையற்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரம். உலையில் இருந்ததைப் பக்கத்தில் நின்றவரிடம் பாரம் கொடுத்துவிட்டு, கட்டம் போட்ட குசினிக் காற்சட்டையோடு ஓடினார். தியேட்டர் வாசலில் நின்ற பெண்ணுக்கு என்ன சொன்னாரோ தெரியாது. அவள் இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் இருந்த மடக்குக் கதிரையில் இருத்தினாள்.

திங்கள் காலை என் கடைக் கதவு திறக்க முன்னமே அவர் வந்து நின்றார்.

"இடப்பக்கத்திலை இருந்து மூண்டாவது ஆள். என்ன ஒரு ஆட்டம், ஸ்ரீ! மற்றதுகளைப் பாக்கவே மனம் வரேல்லை. நான் அழுதிட்டன்."

அந்தக் காட்சியில் எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் நிறப் பொய்முடி போட்டு, ஒரே மாதிரி உடுத்திருந்தார்கள். மிருணாளினி நின்றது வலப்பக்கத்துக் கடைசியில். இதைப் பல வருடம் கழித்துத்தான் அவள் எனக்குச் சொன்னாள்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அப்பா அழுது முடிச்சிட்டார், மாமா. திருப்பி முதல்லயிருந்து அழ விட ஏலுமே?"

அந்த நாடகத்தில் நடனக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ரேமண்ட் என்ற அமெரிக்கர். ஒரு வருடமும் எட்டு மாதமும் இவளைப் பார்த்தவர். எட்டுப் பேருடைய இடத்திலும் ஒருக்காலும் பிழைவிடாமல் நின்றவள் இவள் ஒருத்திதான் என்று அவர் நியூயோர்க்கில் சொல்லியிருக்கிறார். 2013இல் அங்கேயிருந்து அழைப்பு வந்தது. அங்கும் சுவிங்தான். ஆனால் பிராட்வே. தெரிவுக்குப் போய் ஆடிக் காட்டி, பப்பியே, விசா எல்லாம் சரிவந்து, அந்த வருடக் கடைசியில் போய்ச் சேர்ந்தாள்.

பதினான்கு மாதம் அங்கே ஆடினாள். தாய் அற்புதமலர் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கைப்பில் கதைப்பா. என்ன சாப்பிட்டாய், குளிருக்கு என்ன போட்டாய் என்று மட்டும்தான் கேட்பா. நாடகத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டா. "அதை அப்பா கேப்பார்" என்பா.

2015 மாசியில் மிருணாளினி வேறொருத்தியின் இடத்தில் ஆடிக்கொண்டு மேடைப் படியால் இறங்கும்போது, குதிக்காலில் ஆரோ கல்லால் எறிந்த மாதிரி இருந்ததாம். திரும்பிப் பார்த்தாளாம். பின்னால் ஒருவரும் இல்லை. தசைநார் அறுந்துவிட்டது. மிச்சம் இருந்த படிகளையும் சிரித்த முகத்தோடு இறங்கி, திரைக்குப் பின்னால் போய்த்தான் விழுந்திருக்கிறாள். அங்கேயே ஒப்பரேசன் செய்தார்கள். நடக்கலாம், ஓடவும் ஓடலாம், கிழமைக்கு எட்டுக் காட்சி ஆட ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். சித்திரையில் ஊன்றுகோலோடு பரிஸுக்கு வந்து இறங்கினாள்.

அவர்களுடைய வீடு லாச்சப்பல் மெத்ரோப் பாலத்துக்குப் பக்கத்தில், நாலாம் மாடி. லிப்ட் இல்லை. காலையில் ஒருக்கால் இறங்குவாள், பின்னேரம் ஒருக்கால் ஏறுவாள். இடையில் இருந்த நேரம் முழுக்க என் ஸ்டூடியோவில். முதல் இரண்டு கிழமை ஒன்றும் கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை என் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"மாமா, தாலி கட்டுற இடத்தில ஏன் ஒரு ரோசாப்பூ ஏழு தரம் சுத்துது?"

"சனத்துக்கு விருப்பம், பிள்ளை."

"சனம் உங்களிட்டைச் சொன்னதோ?"

சொல்லவில்லைதான். இருபது வருடமாக நானாகவே சுற்றவிட்ட பூ அது. நான் எழும்பி அவளுக்குக் கதிரையை விட்டேன்.

சென் தெனி மண்டபத்தில் நடந்த கலியாணம் ஒன்று. நாலு மணித்தியால வீடியோவாகக் கொடுக்க வேண்டியதை அவள் ஐம்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தாள். வாய்க்குள்ளே ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டு வெட்டுவாள். பெண்ணின் தகப்பன் வந்து கத்தினார். "கனடாவிலை இருந்து வந்த என்ர மச்சானைக் காணேல்லை! சாப்பாட்டுப் பந்தியைக் காணேல்லை! இது என்ன வேலை?" நான் மன்னிப்புக் கேட்டு, பழையபடி நாலு மணித்தியாலம் செய்து கொடுத்தேன், பூவும் போட்டு. இரண்டு நாள் கழித்து மணப்பெண் தனியாக வந்தாள். "அங்கிள், அந்தச் சின்னது இருக்கா? அம்மா என்ர கையை விட்டிட்டுப் போற இடம் அதிலதான் தெரியுது" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் மிருணாளினி பழைய மாதிரித் தோள் இரண்டையும் உயர்த்திச் சிரித்தாள்.

அடுத்த வருடம் சினிமாக்காரர் அவளைத் தேடத் தொடங்கினார்கள். நாடகத்தில் கூட ஆடிய ஒருத்தி பேர் கொடுத்திருந்தாள். கிடைத்ததெல்லாம் ஒரு மாதிரியான வேடங்கள்தான். அலுவலகம் துடைக்கிற பெண். அகதி அலுவலக வரிசையில் கைப்பிள்ளையோடு நிற்கிற பெண். அதையே மூன்று படத்தில் செய்தாள். "ஒவ்வொரு படத்துக்கும் பிள்ளை மாறும் மாமா, சால்வை மாறாது" என்பாள். வசனம் இல்லை. ஆனால் கமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது, ஒரு ஆள் எப்போது திரும்பவேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பாள். வந்து எனக்கும் சொல்லித்தருவாள்.

2017இல் யோன் என்ற பிரெஞ்சு இயக்குநர் அவளுக்குக் கொஞ்சம் பெரிய வேடம் கொடுத்தார். கணவன் இறந்த செய்தி தொலைபேசியில் வருகிறது. மனைவி கேட்கிறாள், கதறி அழவேண்டும். அவள் அழுதாள். யோனுக்குப் போதவில்லை. "இன்னும் சத்தமாக. உங்கள் ஆட்கள் அழுகிற மாதிரி" என்றார்.

அப்போது அவளுக்கு 2009 வைகாசி நினைவு வந்தது. போர் முடிந்த கிழமை. பரிஸில் எங்கள் சனம் தெருவில் நின்று குரல் கொடுத்துக் களைத்திருந்த நாட்கள். அம்மா குசினியில் கறி வைத்துக்கொண்டு நிற்கும்போது ரெலிபோன் வந்தது. வன்னியில் இருந்த அம்மாவின் தம்பி செத்துவிட்டார். அம்மா ஓம், ஓம் என்று இரண்டு தரம் சொன்னா. ரெலிபோனை வைத்தா. அடுப்பை அணைத்தா. பிறகு கறிச்சட்டியின் மூடியை எடுத்து, ஒருக்கால் துடைத்து, திருப்பி மூடினா. அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவள் மிருணாளினி மட்டும்.

"எங்கட ஆக்கள் இப்பிடியும் அழுவினம்" என்று யோனுக்குச் சொல்லிவிட்டு, அவள் அதையே செய்து காட்டினாள். படத்தில் அது வந்தது ஒன்பது செக்கன்.

படம் வெளிவந்ததும் நாங்கள் நாலு பேரும் போய்ப் பார்த்தோம். தில்லையண்ணை மகளின் பேர் வந்தபோது கைதட்டினார். லாச்சப்பல் மெத்ரோவில் இறங்கி, பாலத்துக்குக் கீழே வந்த பிறகு அற்புதமலர் அக்கா நின்று, மகளைப் பார்த்துக் கேட்டா:

"அண்டைக்குக் குசினியிலை நீயும் நானும்தான் நிண்டனாங்கள். இவ்வளவு பேரை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

அம்மா பெருமைப்படுவா என்றுதான் மிருணாளினி நினைத்திருந்தாள். தாய் இரண்டு மாதம் அவளோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைப்பா, உடுப்பு மடித்து வைப்பா, கதை இல்லை. மகள் என் ஸ்டூடியோவில் வந்திருந்து, "களவெடுத்த மாதிரிக் கிடக்குது மாமா. களவெடுத்து வேறை ஆருக்கோ குடுத்த மாதிரி" என்றாள்.

அந்த ஒன்பது செக்கனைப் பார்த்துத்தான் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். ரயிலில் ரிக்கற் பரிசோதிக்கிற பெண். பேர் உண்டு, வசனம் உண்டு, கோபம் வந்தால் கத்தலாம். மூன்று வருடம் ஓடியது. அந்தக் காலத்தில் அவளோடு சென் தெனிக்கு ரயிலில் போவது பெரிய பகிடி. ஏறி இருந்த உடனே எதிரில் இருக்கிற ஆள் தன் பயணக் கார்த்தை எடுத்து நீட்டுவார். இவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பாள்.

தாயும் மகளும் திரும்பக் கதைத்தது தோள் நோவால். அற்புதமலர் அக்கா ஒபர்வில்லியேயில் ஒரு சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஹொட்டல்களின் கட்டில் விரிப்புகளைத் தோய்த்து, அழுத்தி, மடித்து அனுப்புகிற இடம். வலது தோளை உயர்த்த முடியாமல் போனது. டொக்டரிடம் போக, பிரெஞ்சில் விளக்கமாகச் சொல்வதற்கு மகள் வேண்டும்.

"வேலையில் கையை எப்படி அசைப்பீர்கள்?" என்று டொக்டர் கேட்டிருக்கிறார்.

அம்மா எழும்பி நின்று, வெறும் காற்றில் ஒரு விரிப்பைப் பிடித்தா. இரண்டு கையையும் அகல விரித்து, ஒரு உதறு உதறி, மூலையோடு மூலை சேர்த்து, ஒரு காலைப் பின்னுக்கு வைத்துக் குனிந்து, கீழ் விளிம்பை எடுத்து, திரும்பவும் உதறி. எதிரில் ஆரோ மற்றப் பக்கத்தைப் பிடித்திருப்பது போலக் கண்ணால் சாடை காட்டி, இரண்டடி முன்னுக்கு வந்து அந்த ஆளிடம் கொடுத்து வாங்கி. நாலு தரம் செய்து காட்டினா. தோள் நோவில் முகம் சுருங்கியது. கால் மட்டும் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"இருபது வருசமா டான்ஸ் படிச்சன் மாமா" என்று மிருணாளினி அன்று பின்னேரம் சொன்னாள். "அம்மா வேலையில என்ன செய்யிறா எண்டு ஒரு நாளும் கேக்கேல்லை."

வெளியே வந்ததும் அவள் தாயிடம் கேட்டிருக்கிறாள். "அம்மா, இதை நான் படமாக்கலாமா? நீங்கள் இல்லை எண்டால் இல்லை. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அக்கா மூன்று கிழமை யோசித்தா. பிறகு சொன்னா: ஒருவரும் அழக்கூடாது. வேலை இடத்தின் பேர் வரக்கூடாது. எதிர்ப்பக்கம் பிடிக்கிறது அமினாத்தாவாக இருக்கவேண்டும். "என்ர முகம் வேண்டாம். கையை மட்டும் பிடி." அமினாத்தா மாலி நாட்டுக்காரி. பதினாறு வருடமாக அக்காவின் விரிப்புக்கு மற்றப் பக்கம் நின்றவ.

இடமும் காசும் சரிவர வருடங்கள் போய், 2021 ஆடி மாதம், மெசின்கள் நின்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு சலவைக்கூடத்தில் படம் எடுத்தோம். கமரா என்னுடையது. முப்பது வருடத்தில் மணவறை இல்லாமல் நான் பிடித்த முதல் காட்சி அது. தோளுக்கு ஊசி போட்டிருந்ததால் அக்கா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செய்யக்கூடாது என்று மிருணாளினி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதல் தரம் மடித்து முடிந்தது. "நல்லது அம்மா. இன்னொருக்கா" என்றாள் மகள்.

"மடிச்சாச்சு."

"ஓம். குலைச்சுப்போட்டுத் திருப்பி மடிக்க வேணும்."

"வடிவாய் மடிச்சதை ஏனடி குலைக்கிறாய்?"

"கமரா மற்றப் பக்கத்திலை இருந்து பாக்க வேணும் அம்மா."

அக்கா என்னைப் பார்த்தா. "அப்ப உங்கட மாமா முதல்லயே மற்றப் பக்கத்திலை நிண்டிருக்கலாமே."

அமினாத்தாவுக்கு ஒரு சொல் தமிழ் விளங்காது. ஆனால் பதினாறு வருடம் பார்த்த முகம், என்ன நடக்கிறதென்று பிடித்துவிட்டா. அவ பிரெஞ்சில் ஏதோ மெதுவாகச் சொன்னா. "முதலாளி இளம் ஆள், பொறுத்துப் போவோம்" என்கிற மாதிரி. அக்கா விரிப்பைப் பிடித்தபடியே தலையைப் பின்னுக்குச் சரித்து வாய்விட்டுச் சிரித்தா. நான் கமராவை இறக்கியிருக்கவேண்டும். இறக்கவில்லை.

வெட்டும்போது மிருணாளினி அந்த இடத்தில் நிறுத்தினாள். படம் முழுக்கக் கைகள், கால்கள், காற்றில் விரிகிற வெள்ளைத் துணி. பாட்டு இல்லை, துணி உதறுகிற சத்தம்தான். நடுவில் இந்த ஒரு முகம். போடாமல் விட்டால் படம் செத்துப்போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் எழும்பிப் போய், தாயைக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினாள்.

"வாக்குக் குடுத்தனான். வேண்டாம் எண்டால் இப்பவே அழிப்பன்."

அக்கா பார்த்தா. திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தா. மூன்றாம் தரமும் பார்த்தா.

"சிரிக்கிறன்தானே" என்றா. "இருக்கட்டும்."

பதினான்கு நிமிடப் படம். அடுத்த வருடம் பரிஸில், ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கத்துக் கால்வாய்க் கரைத் தியேட்டரில் வேறு நாலு குறும்படங்களோடு காட்டினார்கள். சலவைக்கூடத்திலிருந்து பதினொரு பெண்கள் வந்தார்கள், நல்ல உடுப்புடுத்து, பின்வரிசையில். முடிந்ததும் கேள்வி நேரம். முன்வரிசையில் இருந்த பிரெஞ்சுப் பெண் ஒருவர் எழும்பி, அற்புதமலர் அக்காவிடமே கேட்டா: "நடிப்பது கடினமாக இருந்ததா, மதாம்?"

மொழிபெயர்க்க மிருணாளினி மைக்கை எடுத்தாள். அக்கா அதை மகளின் கையிலிருந்து வாங்கி, தன் பிரெஞ்சிலேயே சொன்னா. "நடிப்பில்லை மதாம். வேலை. இவள்தான் சும்மா சும்மா குலைச்சவள்."

பின்வரிசை எழும்பி நின்று கைதட்டியது. தில்லையண்ணை எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கவும் மறந்து இருந்தார்.

படம் சில விழாக்களுக்குப் போனது. வடக்கில் ஒரு சிறு நகரத்து விழாவில் பரிசும் கிடைத்தது. அதற்குப் பிறகு மிருணாளினி இன்னும் இரண்டு குறும்படம் எடுத்தாள். தொடர்களில் நடிப்பதையும் விடவில்லை. போன வருடம் டொக்டராக நடித்தாள். இப்போது சென் தெனிச் சந்தையை வைத்து முழுநீளப் படம் ஒன்று எழுதி முடித்துவிட்டாள். ஆரைப் பார்த்து எழுதினாளோ, அந்த ஒவ்வொருவரிடமும் நேரே போய் இருந்து வாசித்துக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அதனாலேயே இரண்டு வருடம் பிந்தியது.

அற்புதமலர் அக்கா வேலையால் நின்றுவிட்டா. தோளை ஒப்பரேசன் செய்து, டொக்டர் சொன்னபடி வியாழக்கிழமைகளில் அமினாத்தாவோடு நீச்சல் தடாகத்துக்குப் போகிறா. அறுபது தாண்டிய இரண்டு பேரும் ரப்பர்த் தொப்பி போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் கையைத் தூக்கி இறக்குவதை மிருணாளினி ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். பார்த்ததை வந்து எனக்குச் சொல்லும்போது அவளுக்குக் குரல் துள்ளியது. அன்று பின்னேரமே தாயிடம் மெல்லத் தொடங்கினாளாம். "அம்மா, அந்தத் தடாகத்திலை..."

"அதுக்கு மட்டும் வாய் திறவாதை" என்றாவாம் அக்கா.

இவள் இன்றுவரை திறக்கவில்லை.